ஆளையும் பிடிக்கும், அர்த்தத்தையும் பிடிக்கும்: சில ஆங்கில வினைகள்

சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்டுப் போடும் ஆங்கில மனுவை முதல்முறை படிக்கிறவர் ஓர் இடத்தில் கட்டாயம் தடுமாறுவார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவு, 'பெர்சன் அப்ரிஹெண்டிங் அரெஸ்ட்' என்கிற ஆளுக்கு ஜாமீன் கொடுப்பதைப் பற்றியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதே தலைப்பு 438-ஆம் பிரிவுக்கு இருந்தது. 'அப்ரிஹெண்ட்' என்றால் பிடிப்பது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவருக்கு, பிடிக்கப் போகிற போலீஸ்காரர் எதற்கு ஜாமீன் கேட்கிறார் என்றுதான் தோன்றும். மனுவில் அப்ரிஹெண்ட் பண்ணுகிறவர் மனுதாரர். கைதாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறவர் அவர்.

சட்டத்தின் ஆங்கிலம் இந்தச் சொல்லை இரண்டு பக்கமும் கூச்சமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவில் 'ரீசனபிள் அப்ரிஹென்ஷன் ஆஃப் டேஞ்சர்' என்று வரும். உடம்புக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்தில் தற்காப்பு உரிமை தொடங்குகிறது என்பது அதன் கருத்து. அதே சட்டத்தின் 224-ஆம் பிரிவில் 'லாஃபுல் அப்ரிஹென்ஷன்' வருகிறது. அங்கே அது சட்டப்படி பிடிப்பது. பிடிக்க வரும்போது எதிர்த்தால் குற்றம். ஒரே சட்டம், ஒரே சொல், ஓரிடத்தில் அச்சம், மற்றோரிடத்தில் கைது.

எது எதுவென்று கண்டுகொள்ள, அந்த வினை எதைச் செயப்படுபொருளாகக் கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆள் வந்தால் பிடிப்பது. இனிமேல் நடக்கக்கூடிய ஒரு நிகழ்ச்சி, அதாவது கைது, சாவு, ஆபத்து என்று வந்தால் அஞ்சுவது. கருத்து, உண்மை, பொருள் என்று வந்தால் உணர்ந்துகொள்வது. இந்த மூன்றாவது இன்று பெரும்பாலும் தத்துவ நூல்களில்தான் உயிரோடு இருக்கிறது. கிளைச் சொற்கள் இந்த மூன்றையும் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டன. 'அப்ரிஹென்ஸிவ்' என்றால் பயந்திருப்பவர், அவ்வளவுதான். கெட்டிக்காரர் என்ற பொருள் எதிர்பார்க்காதீர்கள். 'மிஸ்அப்ரிஹென்ஷன்' என்றால் தவறான புரிதல். தவறுதலாக வேறு ஆளைக் கைது செய்ததற்கு அதை எழுதினால் யாருக்கும் விளங்காது.

அடியில் இருப்பது 'ப்ரெஹெண்டெரெ' என்கிற லத்தீன் வினை. கையால் பற்றுவது என்று பொருள். அது பெற்ற பிள்ளைகள் நிறைய. சிறையைக் குறிக்கும் 'ப்ரிஸன்' அதிலிருந்து வந்தது. எதிர்பாராமல் மேலே விழுந்து பிடிப்பதிலிருந்து 'சர்ப்ரைஸ்' வந்தது. குரங்கு வாலால் கிளையைப் பற்றுகிறதே, அந்த வாலுக்கு 'ப்ரிஹென்ஸைல்' என்று பெயர். இந்தக் கூட்டத்தில் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சுவையானது 'அப்ரெண்டிஸ்'. பிரெஞ்சில் கற்றுக்கொள்வதற்கு உள்ள 'அப்ராந்த்ர்' என்ற வினை அதே லத்தீனிலிருந்து வந்தது. கற்றுக்கொள்கிற பையன் அப்ரெண்டிஸ். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வைத்திருந்த வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒருவன் இருப்பான். அவனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே மேலாள். பேரேட்டைத் தொட்டுப் பார்த்து, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. அவனுக்கு ஆங்கிலத்தில் 'டிரெயினி' என்பதைவிட அப்ரெண்டிஸ்தான் பொருத்தம். டிரெயினி என்றால் இன்னொருவர் பயிற்சி தருகிறார் என்று ஆகும். அப்ரெண்டிஸ் என்னும்போது கற்றுக்கொள்கிறவனுடைய கைதான் முன்னால் நிற்கிறது.

இதே வேரில் பிறந்த 'காம்ப்ரிஹெண்ட்' நம் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் வழியாகப் பழக்கமானது. ஆனால் அதன் இரண்டு பெயரடைகளை மாற்றிப் போடாத ஆளைப் பார்ப்பது அரிது. 'காம்ப்ரிஹென்ஸிபிள்' என்றால் புரியக்கூடியது. 'காம்ப்ரிஹென்ஸிவ்' என்றால் எல்லாவற்றையும் உள்ளடக்கியது. வண்டிக்குப் போடும் காம்ப்ரிஹென்ஸிவ் இன்ஷூரன்ஸை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அந்த பாலிசி உங்கள் வண்டியின் சேதத்தையும் அடுத்தவர் இழப்பையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறது. பாலிசிப் பத்திரத்தின் வாசகம் காம்ப்ரிஹென்ஸிபிளாக இருக்கிறதா என்பது தனி வழக்கு.

இனி 'அரெஸ்ட்'. இதன் மூலப்பொருள் பிடிப்பது இல்லை, நிறுத்துவது. 'கார்டியாக் அரெஸ்ட்' என்றால் இதயம் நின்றுபோவது. நகர்கிற ஒருவரை நிறுத்துவதுதான் சட்டத்திலும் அரெஸ்ட். ஆனால் எப்படி நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்லும் விதத்தில் கை திரும்ப வந்துவிடுகிறது: சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவின்படி, கைது செய்கிறவர் அந்த ஆளின் உடம்பை உண்மையாகவே தொட வேண்டும் அல்லது அடைத்து நிறுத்த வேண்டும், அவரே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட்டுவிட்டால் தொட வேண்டியதில்லை. நம் 'கைது' என்ற சொல்லைப் பார்த்ததும் கை ஞாபகம் வரும். அது விலங்கு, தளை என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கைக்கும் அதற்கும் உறவில்லை.

'டீட்டெயின்' வேறு. பிடித்து வைத்திருப்பது. விமான நிலையத்தில் கேள்வி கேட்க இரண்டு மணி நேரம் உட்கார வைத்தாலும் டீட்டெயின்தான். அதை அரெஸ்ட் என்று எழுதக்கூடாது. மறுபக்கம், 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் போடுகிற ஆணையும் டிடென்ஷன் ஆணைதான். அது ஓராண்டு வரை நீளலாம். ஆகையால் டீட்டெயின் என்றால் சின்ன விஷயம், அரெஸ்ட் என்றால் பெரிய விஷயம் என்று நினைப்பது தவறு. செய்த குற்றத்துக்கான வழக்கில் அரெஸ்ட் வருகிறது; இனிமேல் செய்துவிடக்கூடாதே என்று தடுத்து வைப்பதில் டிடென்ஷன் வருகிறது. அப்படி வைக்கப்பட்டவரை நம் நீதிமன்ற ஆங்கிலம் 'டெட்டென்யூ' என்கிறது. வெளிநாட்டு வாசகருக்காக எழுதினால் 'டீட்டெய்னி' என்று எழுதுவது நல்லது.

சிறார் விஷயத்தில் சட்டம் வேண்டுமென்றே சொல்லை மாற்றியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் அரெஸ்ட் என்று வராது, அப்ரிஹெண்ட் என்றுதான் வரும். பிள்ளையை லாக்கப்பில் வைக்கவும் கூடாது. பதினாறு வயதுப் பையனைப் பற்றிய செய்தியில் அரெஸ்டட் என்று எழுதுகிற நிருபர் சட்டத்தின் கவனத்தைக் கவனிக்காமல் விடுகிறார். அதற்கு நம் தமிழ்ச் செய்தியில் 'பிடிபட்டான்' என்று எழுதுவது எவ்வளவோ மேல். செய்தித்தாள் என்றதும் பிடிபட்டதைச் சொல்ல இன்னும் இரண்டு: 'ஹெல்ட்', 'நாப்ட்'. இடம் குறைவாக இருப்பதால் தலைப்பில் மட்டும் வாழ்கிற சொற்கள். அலுவலகக் கடிதத்தில் 'நாப்ட்' என்று எழுதினால் சிரிப்பார்கள். போலீஸ் குறிப்புகளில் வருகிற 'செக்யூர்ட் தி அக்யூஸ்ட்' நம் ஊர் வழக்கு. வெளியூர்க்காரர் அதைப் படித்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

'சீஸ்' என்ற வினைக்கு வருவோம். தமிழ் எழுத்தில் எழுதினால் பறிமுதலும் 'சீஸ்', நின்றுபோவதும் 'சீஸ்', பாலாடைக்கட்டியும் 'சீஸ்'. காதும் அப்படியே கேட்கப் பழகிவிடுகிறது. பிறகு ஆங்கிலத்தில் எழுதும்போது அதிகாரிகள் குட்காவை நிறுத்தினார்கள் என்று பொருள்படும்படி எழுத்துப்பிழை வருகிறது. சரிசெய்ய ஒரு வழி: தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பறிமுதலின் சீஸில் கடைசி ஒலி அதிரும், தேனீ பறக்கிற மாதிரி. நின்றுபோவதன் சீஸில் அதிர்வு இருக்காது, காற்று மட்டும் வரும். எழுத்திலும் பறிமுதலில் ஈ முதலில் வந்து ஐ பின்னால் வரும்; ஐ முதலில் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்த விதிக்கு இது விலக்கு.

இந்தச் சொல் நிலத்திலிருந்து வந்தது. இடைக்கால ஆங்கிலச் சட்டத்தில் ஒருவருக்கு நிலத்தின் மேல் உடைமை கொடுப்பதைக் குறித்த பிரெஞ்சு வினை இது. அதனால்தான் நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரணைக்கு எடுத்துவிட்டது என்பதை 'சீஸ்ட் ஆஃப் தி மேட்டர்' என்கிறார்கள். நீதிமன்றம் வழக்கைப் பறிமுதல் செய்துவிட்டதாகப் பதற வேண்டாம். மெக்கானிக் பட்டறையில் ஆயில் இல்லாமல் ஓட்டி 'என்ஜின் சீஸ் ஆயிடுச்சு' என்பார்கள். அது சுத்தமான ஆங்கிலம். பிஸ்டனைச் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. மருத்துவத்தில் 'சீஷர்' என்றால் வலிப்பு. ஒரு சொல்லின் கை எங்கெல்லாம் நீளுகிறது பாருங்கள்.

கடன் விஷயத்தில் இதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் 1930-இல் 6 சதவீதமாக இருந்தது 1937-இல் 25 சதவீதமாக ஏறியது. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'சீஸ்ட்' என்று எழுதினால் ஆள்விட்டுப் பிடுங்கினார்கள் என்று ஆகிறது. 'ஃபோர்க்ளோஸ்ட்' என்று எழுதினால் அடமானத்தின்படி, சட்டத்தின் வழியே வந்தது என்று ஆகிறது. 'தி லேண்ட் பாஸ்ட் டு தெம்' என்றால் யார் மேலும் பழி இல்லாமல் நிலம் தானாக நடந்து வந்த மாதிரி. மூன்றில் எதை எடுக்கிறார் என்பதிலேயே எழுதுகிறவரின் தீர்ப்பு இருக்கிறது. வரலாற்றுப் புத்தகம் படிக்கும்போது நான் இந்த வினையைத்தான் முதலில் தேடுவேன்.

'கேட்ச்', 'கேப்சர்', 'சேஸ்' மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிடிப்பது என்று பொருள்படும் 'காபெரெ' என்ற லத்தீன் வினை மூலம். அது வடக்குப் பிரெஞ்சு வழியாக வந்தபோது கேட்ச் ஆயிற்று, நடுப் பிரெஞ்சு வழியாக வந்தபோது சேஸ் ஆயிற்று. துரத்தியதும் பிடித்ததும் ஒரே வினையாக இருந்து, இங்கிலாந்துக்கு வந்து பாகம் பிரித்துக்கொண்டன. 'பர்சேஸ்' கூட இந்தச் சேஸிலிருந்து கிளைத்ததுதான். விடாமல் தேடிப்போய் அடைவது அதன் பழைய பொருள். நம் கொள்முதலில் உள்ள 'கொள்' புரிந்துகொள், கருக்கொள் என்று கருத்துக்கும் கருவுக்கும் போவதைப் பார்த்தால், 'காபெரெ' பெற்ற 'கன்ஸீவ்' கருத்தரிப்பதற்கும் ஒரு யோசனை உருவாவதற்கும் பொதுவாக இருப்பது நமக்கு வியப்பாக இராது.

வழக்கில் கேட்ச் அன்றாடச் சொல், கேப்சர் கனமான சொல். திருடனை கேட்ச் பண்ணலாம். கேப்சர் என்றால் எதிர்ப்பும் தேடலும் இருந்திருக்க வேண்டும்: போர்க்கைதி, தப்பியோடியவர், ஒரு நகரம், கூண்டு வைத்துப் பிடித்த சிறுத்தை. கானாடுகாத்தான் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) விழுகிற வெயிலைப் புகைப்படத்தில் கேப்சர் பண்ணலாம். ஆனால் பேருந்தையும் ஜலதோஷத்தையும் கேட்ச்தான் பண்ண வேண்டும். அதன் இறந்தகாலம் 'காட்'. 'கேட்ச்டு' என்று ஒரு சொல் இல்லை.

சிராவயல் மஞ்சுவிரட்டை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது இந்த வினைகளுக்கு நல்ல பயிற்சி. திறந்தவெளியில் மாடு பாய்கிறது. 'கேப்சர்ட் தி புல்' என்றால் மாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாக அர்த்தம். 'டேம்ட்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது மாட்டைப் பழக்கிச் சாதுவாக்குவது, சில நொடியில் நடக்கிற காரியமா அது? நடப்பதை நடந்தபடி சொல்ல வேண்டுமானால் திமிலை 'கிராப்' பண்ணுகிறார்: சட்டென்று, திட்டமில்லாமல் பிடிப்பது. பிறகு 'ஹாங் ஆன்': உதறினாலும் விடாமல் தொங்குவது. முழு உடம்பும் ஒட்டிக்கொண்டால் 'கிளிங்'. பயத்தில் இறுக்கினால் 'கிளட்ச்'. உறுதியாக, நிதானமாக இறுக்கினால் 'கிரிப்'. 'ஸ்னாட்ச்' மட்டும் இங்கே வராது. அது பிடுங்கிக்கொண்டு ஓடுவது, பைக்கில் வந்து சங்கிலி அறுக்கிறவனுக்கு உரியது. ஏறுதழுவுதல் என்ற பழைய பெயரில் உள்ள தழுவலுக்கு 'எம்ப்ரேஸ்' இருக்கிறது. விழாவை அறிமுகப்படுத்தும் வாக்கியத்தில் ஒருமுறை போடலாம். களத்து வர்ணனையில் போட்டால் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும்.

கருத்தைப் பிடிக்கும் பக்கம் வந்தால், தமிழும் ஆங்கிலமும் அடிப்படையிலேயே எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. நமக்குப் பாடம் புரிகிறது, விளங்குகிறது, பிடிபடுகிறது, எட்டுகிறது. பாடம்தான் எழுவாய், 'எனக்கு' நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆள் எழுந்துபோய்ப் பிடிக்க வேண்டும். அதோடு நம் 'புரிகிறது' நிகழ்காலத்தில் இருப்பதால் 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' என்று வாய் போகிறது. அண்டர்ஸ்டாண்ட், காம்ப்ரிஹெண்ட் இரண்டும் நிலையைச் சொல்லும் வினைகள். சாதாரணமாக இங் ஏற்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பிக்கிறது என்றால் 'பிகினிங் டு அண்டர்ஸ்டாண்ட்'. 'புரிஞ்சுது' என்று சொல்ல நினைத்து 'ஐ அண்டர்ஸ்டுட்' என்றால் முன்பு புரிந்தது என்ற தொனி வரும். பதிலாக 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்று சொல்லலாம், அல்லது ஐ இல்லாமல் வெறுமனே 'அண்டர்ஸ்டுட்' என்று சொல்லலாம்.

'கிராஸ்ப்' ஆளைப் பிடிக்காது. கையையும் கயிற்றையும் பிடிக்கும், பிறகு நேரே கருத்துக்குப் போய்விடும். நம் 'கிரகி'யின் சமஸ்கிருத வேரையும் கிராஸ்பையும் ஒரே மூலத்தில் வைக்கும் அகராதிகள் உண்டு. சத்தியாக்கிரகமும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். பள்ளி அறிக்கையில் 'குட் கிராஸ்பிங் பவர்' என்று எழுதுவது இந்திய ஆங்கிலம். 'கிராஸ்பிங்' பெயரடையாக வரும்போது பேராசை பிடித்தவர் என்று பொருள், கந்துவட்டிக்காரருக்குச் சொல்வது. பிள்ளைக்கு 'எ குவிக் லேர்னர்' அல்லது 'ஹாஸ் எ குட் கிராஸ்ப் ஆஃப் மாத்ஸ்' என்று எழுதுங்கள். இப்படிப் பெயரடையில் திசைமாறுவது இந்தக் குடும்பத்தின் பழக்கம்: 'கிரிப்பிங்' விறுவிறுப்பானது, 'காட்சி' என்று நம் காதில் விழும் 'கேட்சி' வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, 'அரெஸ்டிங்' என்றால் பார்த்தவரை நிற்க வைக்கும் அழகு.

சின்ன வினைகள்தான் பேச்சில் அதிகம் வருகின்றன, அதிகம் வழுக்குவதும் அவைதான். போனில் பெயர் காதில் விழவில்லை என்றால் 'ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்'. இங்கே கேட்ச் காதுக்கு உரியது, மூளைக்கு இல்லை. நகைச்சுவை புரிந்தால் 'கெட்'. வாதத்தின் படிகளைத் தொடர முடிந்தால் 'ஃபாலோ'. தாமதமாகப் புரிந்தால் 'கேட்ச் ஆன்'. ஒரே மூச்சில் நிறையச் சொல்லிவிட்டார்கள், உள்ளே இறங்க நேரம் வேண்டும் என்றால் 'டேக் இன்'. ஆனால் அதையே செயப்பாட்டு வினையில் 'ஐ வாஸ் டேக்கன் இன்' என்று சொன்னால் ஏமாந்துவிட்டேன் என்று ஆகும். நிலப்பத்திரம் பற்றிய பேச்சில் இந்தத் தவறு விலை உயர்ந்தது. 'பிக் அப்' மொழியைக் கேட்டுக் கேட்டுப் பழகுவது, போலீஸ் வந்து விசாரணைக்கு அழைத்துப் போவதும் அதே பிக் அப்.

கடைசியாக 'ஃபாதம்'. பழைய ஆங்கிலத்தில் நீட்டி விரித்த இரண்டு கைகள், அவற்றால் அணைப்பது. பிறகு அந்த விரிவின் நீளம், ஆறடி. பிறகு கயிறு விட்டுக் கடலின் ஆழம் பார்ப்பது. பிறகு மனத்தால் ஆழம் பார்ப்பது. தேவகோட்டையிலிருந்து தென்கிழக்கே தொண்டிக் கரைக்குப் போனால் மீனவர்கள் ஆழத்தைப் பாகம் என்று சொல்வார்கள். அதுவும் விரித்த கைகளின் அளவுதான். ஆங்கிலத்தில் ஃபாதம் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வாழ்கிறது: 'ஐ கான்ட் ஃபாதம் ஒய்' என்பார்கள். உடன்பாட்டில் வேண்டுமானால் பின்னால் 'அவுட்' சேர்த்து 'ஃபாதம் அவுட்' என்று எழுதலாம். அலுவலகக் கடிதத்தில் புரிந்தது என்று தெரிவிக்க மட்டும் இதைத் தொடாதீர்கள், அங்கே 'நோட்டட்' போதும்.